தலை வலிக்காத மைக்ரேன்: ஒரு தாளும் பென்சிலும்

"கண்ணு நல்லா இருக்கு. ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க." பார்வையில் மின்னும் கோடுகள் வந்துபோனவர்கள் கண் மருத்துவமனையில் பெரும்பாலும் கேட்டுத் திரும்பும் பதில் இது. பதிலில் பொய் இல்லை. சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்து, விழித்திரையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அங்கே எதுவும் அகப்படாது. ஏனென்றால் நடந்தது கண்ணில் நடக்கவில்லை. பின்மண்டைக்குள், மூளையின் பார்வைப் பகுதியில் நடந்தது. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஒருவர், வந்தது பக்கவாதத்தின் முன்னோட்டம்தான் என்று தானே முடிவுகட்டி, அடுத்தது எப்போதோ என்ற பயத்திலேயே நாளைக் கழிக்கிறார். இன்னொருவர் 'ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க' என்று அடியோடு மறந்துவிடுகிறார். பிறகு வேறு ஏதோ காரணத்துக்காகப் பார்க்கும் மருத்துவர் "மைக்ரேன் உண்டா?" என்று கேட்கும்போது, தலை வலித்ததே இல்லையாதலால், உண்மையென்று நம்பியே "இல்லை" என்கிறார். எனக்கு இந்த இரண்டாமவரைப் பற்றித்தான் கூடுதல் கவலை. அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

தலைவலியே இல்லாமல் பார்வைத் தொந்தரவு மட்டும் வந்துபோகும் மைக்ரேன் உண்டு. சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் 'தலைவலியில்லாத ஆரா' என்று அதற்குத் தனி இடமே இருக்கிறது. ஆரா என்பது மைக்ரேனில் இப்படி வந்துபோகும் தொந்தரவுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர். சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே வலி கிடையாது. சிலருக்கு இளவயதில் தலைவலியோடு வந்துகொண்டிருந்தது, வயது ஏற ஏற வலியை விட்டுவிட்டு வெளிச்சக் கோடுகளை மட்டும் கொண்டுவரும். இரண்டு தரப்புக்குமே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் மறைந்துவிடும் இந்த நோயில், நடக்கும்போதே நிமிடக் கணக்கோடு வரைந்து வைத்த ஒரு தாளுக்கு இணையான சாட்சி வேறில்லை.

முதலில் வருவது வெளிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். உற்றுக் கவனித்தால், முதலில் வருவது இல்லாமை. நாளிதழ் படிக்கும்போது சொல்லின் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகும். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தால் மூக்கு தெரியும், ஒரு கண் தெரியாது. அந்த இடம் கறுப்பாக இருப்பதில்லை, வெள்ளையாகவும் இருப்பதில்லை. அங்கே ஏதும் இல்லை, அவ்வளவுதான். இரண்டு மூன்று நிமிடங்களில் அந்த இடத்தின் ஓரம் துடிக்கத் தொடங்கும். பிறகு அது லாட வடிவ வளைவாகும். திறந்த வாய் பார்வையின் மையத்தை நோக்கி இருக்கும், வெளி விளிம்பு ரம்பப்பல் போலக் கோணல் கோணலாக மின்னும். சிலருக்குக் கறுப்பு வெள்ளை, சிலருக்கு வண்ணங்களும் உண்டு. வளைவு பெரிதாகிக்கொண்டே ஓரத்துக்கு நகரும். அதன் உட்புறம் பார்வை இருக்காது. கண்ணை மூடினாலும் மின்னல் நிற்காது. இருபது இருபத்தைந்து நிமிடங்களில் பார்வையின் விளிம்பைத் தாண்டிக் கரைந்துவிடும்; அதற்கு முன்பே நடுவில் பார்வை தெளிந்திருக்கும். பின்னால் ஒரு மணி நேரத்துக்கு அசதியோ மந்தமோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஒரு கண்ணா, இரு கண்ணா?

"வலது கண்ணுல வந்துச்சு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது வலது கண்ணில் வந்திருக்காது. இரண்டு கண்களின் வலது பாதியிலும் வந்திருக்கும். நாம் பார்க்கும் காட்சியின் வலது பாதி, எந்தக் கண் வழியாக வந்தாலும், மூளையின் இடப்பக்கத்துக்குத்தான் போகிறது. அங்கே கோளாறு என்றால் இரு கண்ணிலும் அதே பாதி பாதிக்கப்படும். இதைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது, ஆனால் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தாக வேண்டும். சுவர்க் கடிகாரம் போல அசையாத ஒன்றின் நடுவில் பார்வையை நிறுத்துங்கள். உள்ளங்கையைக் குவித்து, அழுத்தாமல், ஒரு கண்ணை மூடுங்கள். எந்த எண்கள் மறைகின்றன என்று பாருங்கள். கையை மாற்றி மறு கண்ணை மூடுங்கள். இரண்டு முறையும் அதே பக்கத்து எண்கள் மறைந்தால் விஷயம் மூளையில். ஒரு கண்ணை மூடும்போது தொந்தரவு முழுதாகப் போய்விட்டு, மறு கண்ணை மூடும்போது மட்டும் இருந்தால், எந்தக் கண்ணை மூடியபோது போய்விட்டதோ அந்தக் கண்ணின் பிரச்சினை அது.

அந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. ஒற்றைக் கண்ணில் திடீரென்று திரை விழுந்ததுபோல் இருண்டு சில நிமிடங்களில் தெளிந்தால், கழுத்து ரத்தக்குழாயிலிருந்து கிளம்பிய சிறு ரத்தக்கட்டி கண்ணுக்குப் போகும் குழாயைச் சற்று நேரம் அடைத்திருக்கக்கூடும். ஒற்றைக் கண்ணின் ஓரத்தில், குறிப்பாக இருட்டில் கண்ணைத் திருப்பும்போது, நொடி நேரம் மின்னல் வெட்டி, கூடவே புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தால், விழித்திரை இழுபடுகிறது அல்லது கிழிகிறது என்று பொருள் கொள்ளலாம். இரண்டுக்கும் அன்றே மருத்துவமனை. கண்ணில் மட்டும் வரும் மைக்ரேன் என்றும் ஒன்று உண்டு, ஆனால் அது அரிது. மற்றவை எல்லாம் இல்லை என்று உறுதியான பிறகே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும்.

நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர்

இந்த நோயை மனிதர்கள் புரிந்துகொண்ட வரலாறே தம் கண் முன் வந்ததை வரைந்து வைத்தவர்களின் வரலாறுதான். இங்கிலாந்தின் அரசு வானியலாளராக இருந்த ஜார்ஜ் பிடல் ஏரி, தனக்கு வரும் ரம்பப்பல் வளைவை 1865ல் எழுதிப் படமும் போட்டார். அவருக்கு இருபது முப்பது நிமிடங்களில் அது போய்விடும், அதற்குப் பின் வேறு உபாதை பொதுவாக இருக்காது. அவர் மகன், மருத்துவரான ஹியூபர்ட் ஏரிக்கும் அதே நோய்; ஆனால் அவருக்குத் தலைவலியும் சேர்ந்து வரும். ஒரே குடும்பத்தில் ஒரே ஆரா, ஒருவருக்கு வலியோடு, ஒருவருக்கு வலியில்லாமல். மகன் 1870ல் வெளியிட்ட வண்ணப் படங்களை இன்றைக்கு ஆரா வருகிறவர்களிடம் காட்டினாலும் 'இதேதான்' என்பார்கள். அந்த வடிவம் அவருக்கு, கொத்தளங்கள் துருத்திக்கொண்டிருக்கும் கோட்டையை மேலிருந்து பார்ப்பது போலத் தோன்றியது. யாழ்ப்பாணக் கோட்டையின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று உடனே பிடிபடும்.

ஆனால் படத்தோடு கடிகாரத்தைச் சேர்த்தவர் கார்ல் லாஷ்லி. அமெரிக்க உளவியலாளரான அவருக்கும் ஆரா வரும். வரும்போதெல்லாம் தாளில் ஒரு புள்ளியைக் குறித்து, அதையே பார்த்தபடி, குருட்டு இடத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரைந்தார். பார்வையின் எந்தப் பகுதி மூளையில் எந்த இடத்தில் பதிகிறது என்ற வரைபடம் அப்போதே ஓரளவு தெரியும். விளிம்பு தாளில் நகர்ந்ததை மூளையின் மேற்பரப்பில் நகர்ந்ததாகக் கணக்கிட்டபோது, ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்ற விடை கிடைத்தது. அதை 1941ல் வெளியிட்டார். கருவி எதுவும் இல்லை. தாள், பென்சில், கடிகாரம், கூடவே அசையாத பார்வை.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1944ல், பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவ், ஹார்வர்டில் முயல்களின் மூளையில் வலிப்பு நோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். மைக்ரேனை அவர் தேடவே இல்லை. மூளையின் ஓரிடத்தைத் தூண்டியபோது அங்கே மின்னோட்டம் அடங்கிப்போய், அந்த அடக்கம் மெல்ல அக்கம்பக்கத்துக்குப் பரவுவதைக் கண்டார். பரவிய வேகம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர். லாஷ்லி தன் தாளில் கண்ட அதே நத்தை வேகம். நரம்பில் ஓடும் மின்குறிப்போ ரத்த ஓட்டமோ இவ்வளவு மெதுவாக நகராது என்பதால், இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை. 2001ல், கூடைப்பந்து விளையாடினால் தனக்கு ஆரா வரும் என்று அறிந்திருந்த ஒருவரை விளையாடவிட்டு, ஆரா தொடங்கும்போது எம்ஆர்ஐ எந்திரத்துக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அலை பின்மூளையில் ஊர்ந்து போவது படமாகவே பதிவானது. வேகம் ஏறக்குறைய லாஷ்லி சொன்னதுதான்.

இந்த அலையைத் தெரிந்துகொண்டால் ஆராவின் ஒவ்வொரு குணமும் விளங்கும். காகிதத்தில் தீப்பிடித்தால் கனல் ஓரம் முன்னே போகும், பின்னால் கரி மிஞ்சும், அலையும் அப்படித்தான். முன்விளிம்பில் நரம்பு செல்கள் வெறிகொண்டதுபோல் துடிக்கும், அது மின்னும் கோடு. துடித்த செல்கள் அடுத்துச் சில நிமிடங்கள் ஓய்ந்து கிடக்கும், அது குருட்டு இடம். காகிதத்துக்கு இல்லாத நற்பேறு மூளைக்கு உண்டு, செல்கள் மீண்டுவிடும். பார்வைப் பகுதியில் உள்ள செல்கள் குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோடுகளுக்குத் துலங்குபவை என்பதால் மின்னல் கோணல் கோடுகளாகத் தெரிகிறது. பார்வையின் மையத்துக்கு மூளை மிகப் பெரிய இடத்தை ஒதுக்கியிருக்கிறது, ஓரங்களுக்குக் குறைவாக. அதனால் அலை ஒரே வேகத்தில் போனாலும், நம் பார்வையில் அது நடுவில் தயங்கி நின்று ஓரத்தில் விரைவது போலத் தோன்றும். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அலையால் மூளை உறையின் வலி நரம்புகள் கிளறப்பட்டால்தான் தலைவலி. அவை கிளறப்படாதவர்களுக்கு வெளிச்சத்தோடு முடிந்துவிடும்.

எப்படிப் பதிவு செய்வது

ஏ4 தாளின் நடுவில் பெரிதாக ஒரு புள்ளி வைத்து, நான்கைந்து தாள்களை மேசையிலும் கைப்பையிலும் முன்கூட்டியே வைத்திருங்கள். வந்தபிறகு தேடினால் முதல் ஐந்து நிமிடம் அதிலேயே போய்விடும். அந்த முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் மதிப்பு அதிகம். தொடங்கியது தெரிந்தவுடன் மணியை எழுதுங்கள். ஒரு கையால் தாளை எப்போதும் ஒரே தூரத்தில் பிடித்து, புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல், மின்னும் விளிம்பு எங்கே விழுகிறதோ அங்கே கோடு போடுங்கள். கோட்டின் பக்கத்திலேயே மணி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. வளைவு தாளைத் தாண்டியதும் கையை நீட்டி, விரல்களை மடக்கிய முட்டியால் (முஷ்டியால்) அளந்துகொள்ளலாம்: நீட்டிய கையில் முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, கட்டைவிரலின் அகலம் 2 டிகிரி. 'வலது கீழே, மூன்று முட்டி' என்று எழுதினால் போதும். எழுத முடியாத நிலையென்றால் செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். நேரமும் தானாகப் பதிந்துவிடும், பேச்சு குழறியதா என்பதும் தெரியும்.

பதிவு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: கண் வளைவைத் துரத்திப் போகும். கண்ணோடு சேர்ந்து அதுவும் நகருவதால் எவ்வளவு துரத்தினாலும் எட்டிப் பிடிக்க முடியாது, கோடும் தவறான இடத்தில் விழும். அழகாக மின்னும் ஒரு கணத்தை மட்டும் ஓவியமாகத் தீட்டிவைப்பதாலும் பயன் குறைவு. மருத்துவருக்கு வேண்டியது நகர்வு. 'மங்கலாக இருந்தது' என்ற சொல்லை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். அது பவர் கூடியதிலிருந்து பக்கவாதம் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முடிந்ததும் தாளின் பின்புறம்: முடிந்த மணி, கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்ததில் தெரிந்தது, கையிலோ உதட்டைச் சுற்றியோ மதமதப்பு வந்ததா, சொல் தேடித் தடுமாறினீர்களா, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், கடைசியாக எப்போது சாப்பிட்டது, வெயிலில் அலைந்தீர்களா, பெண்கள் என்றால் மாதவிடாயின் எத்தனையாவது நாள். மதமதப்பும் பேச்சுத் தடுமாற்றமும் ஆராவின் தொடர்ச்சியாகவே வரலாம்: பார்வை முதலில், பிறகு விரல் நுனியிலிருந்து மெல்ல ஏறி முகத்துக்கு, பிறகு பேச்சு, ஒவ்வொன்றும் படிப்படியாக. எல்லாம் ஒரே நொடியில் வந்தால் அது வேறு.

அந்தத் தாளில் மருத்துவர் தேடுவது இதைத்தான். ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் படிப்படியாகப் பரவி, ஐந்திலிருந்து அறுபது நிமிடத்துக்குள் முடிந்து, இல்லாத வெளிச்சத்தைக் காட்டியிருந்தால் ஆரா என்று சொல்ல வலுவான ஆதாரம். சிறு பக்கவாதம் திடீரென்று வரும், ஊராது, பெரும்பாலும் பார்வையைப் பறிக்குமே தவிர மின்னலைக் காட்டாது. பின்மூளையில் எழும் வலிப்பு பெரும்பாலும் வண்ண வண்ண வட்டப் பொட்டுகளாக வந்து, சில நொடிகளிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் போய்விடும். இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது நேரக் கணக்குதான்.

வந்துகொண்டிருக்கும்போது

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்கி நிறுத்துங்கள். 'ஓரளவு தெரியுதே, வீடு பக்கத்துலதானே' என்ற நினைப்புதான் ஆளைக் கொல்லும். குருட்டு இடத்தை மூளை வெறுமையாக விட்டுவைக்காது. சுற்றியுள்ள சாலையின் நிறத்தாலேயே நிரப்பிவிடும். குறுக்கே வரும் சைக்கிள்காரர் இருக்க வேண்டிய இடத்தில் காலிச் சாலை தெரியும். மின்னல் போனதும் கிளம்பிவிடாமல், எதிரே உள்ள கடைப் பலகையின் நடுவைப் பார்த்தபடி இரண்டு முனையும் தெரிகிறதா என்று சரிபார்த்து, தெளிந்து சில நிமிடம் கழித்து எடுங்கள். சமையலறையில் என்றால் அடுப்பை அணைத்து, அரிவாள்மனையை மடக்கிவைத்துவிட்டு உட்காருங்கள். ஏணி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், ஓடும் எந்திரம், எல்லாவற்றிலிருந்தும் விலகுங்கள்.

மாத்திரை? அலை கிளம்பிவிட்டால் நடுவில் நிறுத்த வீட்டில் உள்ள எந்த மாத்திரையாலும் முடியாது. வலி இல்லாதபோது வலிமாத்திரைக்கு வேலையில்லை. மைக்ரேன் தலைவலிக்குத் தரும் ட்ரிப்டான் வகையும் ஆராவைக் குறைப்பதில்லை. கண்ணைக் கசக்குவதாலும் சொட்டு மருந்தாலும் எந்த மாற்றமும் இல்லை. எப்போதாவது வருகிறவர்களுக்குத் தினசரி மருந்து தேவைப்படாது. அடிக்கடி வந்து வேலையைக் கெடுத்தால், வராமல் குறைக்கும் மருந்துகள் உண்டு, நரம்பியல் மருத்துவர் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

தூண்டுவது எது என்ற ஆராய்ச்சியில் பலர் தேவைக்கு மேல் இறங்கிவிடுகிறார்கள். தூக்கம் கெடுவது, வேளை தவறிய சாப்பாடு, தண்ணீர் குடிக்காதது, கண்கூசும் வெயில், சிமிட்டும் விளக்கு, தினமும் குடிக்கும் காபியைத் திடீரென்று நிறுத்துவது: இவற்றைச் சீராக்கினாலே பெரும்பகுதி முடிந்தது. ஒவ்வோர் உணவாக விலக்கிக்கொண்டே போகாதீர்கள். ஆரா தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கி, கொட்டாவியும் இனிப்பு ஆசையும் வரும். அப்போது சாப்பிட்ட சாக்லேட் மேல் பழி விழுகிறது.

இல்லை என்று சொல்லிவிடுகிறவர்கள்

ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வந்தால், தாளில் எல்லாம் ஆரா போலவே இருந்தாலும் பரிசோதனை வேண்டும். அந்த வயதில் வலியில்லாத ஆரா வருவது உண்டு. மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியலாளர் 1980லேயே இதை விரிவாக எழுதி, படிப்படியாகப் பரவுவதுதான் முக்கிய அடையாளம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இசிஜி, கழுத்து ரத்தக்குழாய் டாப்ளர், எம்ஆர்ஐ ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வருவதே முறை. எந்த வயதிலும், முகம் கோணுவது, கை கால் தளர்வது, நொடியில் பேச்சு குழறுவது, இதுவரை அறியாத கடும் தலைவலி, ஒரு மணி நேரம் தாண்டியும் போகாத பார்வைக் குறை, இவற்றில் ஒன்று வந்தாலும் படம் வரையாதீர்கள், 108ஐ அழையுங்கள். அடைப்பால் வந்த பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

கடைசியாக, முதலில் சொன்ன அந்த இரண்டாமவர். ஆராவோடு வரும் மைக்ரேன் உள்ளவர்களுக்கு, அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இளவயதில் அடிப்படை வாய்ப்பே மிகக் குறைவு என்பதால் இரு மடங்கும் சிறிய எண்தான். பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் புகைபிடித்தலும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரையும் அதன்மேல் சேரும்போது கணக்கு மாறிவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், ஆரா உள்ள பெண்களுக்கு எந்த வயதிலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது என்று நான்காம் வகையில், அதாவது பயன்படுத்தவே கூடாத வகையில், வைத்திருக்கிறது. அரசு சுகாதார நிலையங்களில் தரும் மாலா-என், கடைகளில் கிடைக்கும் மாலா-டி இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. பிசிஓடி எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிகளுக்கும் ஒழுங்கற்ற மாதவிடாய்க்கும் எழுதித் தரும் பல ஹார்மோன் மாத்திரைகளிலும் உண்டு. எழுதுவதற்கு முன் மருத்துவர் கேட்கும் கேள்வி "மைக்ரேன் இருக்கா?" அல்லது "அடிக்கடி தலை வலிக்குமா?" என்பதாகத்தான் இருக்கும். வலிக்காதவர் என்ன பதில் சொல்வார்? ஆகவே கேள்வி எப்படி வந்தாலும், "தலை வலிக்காது, ஆனா பார்வையில பாதி மறைஞ்சு மின்னல் மாதிரி வரும், இருபது நிமிஷம் இருக்கும்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அட்டையையும் வரைந்த தாளையும் எடுத்துக்கொண்டு அந்த வாரத்திலேயே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை, ஆரா உள்ளவர்களுக்கு அதில் தடையும் இல்லை; அது போடும்வரை ஆணுறை.